பூ நுழையாத அறை

பயப்படாமல் வேலை செய்யுங்கள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் செடியைக் குடுவையில் வளர்க்கும் வளர்ப்பறைக்குள் கால் வைத்தவராக இருக்க மாட்டார். நான் சொல்கிறேன், பயப்படுங்கள். பயந்துகொண்டே வேலை செய்யுங்கள். கை நடுங்காமல் இருந்தால் போதும்.

போன வாரம் என்னை அழைத்து உங்கள் புது ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். நல்ல காபி கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. பிறகு அந்தத் திரவ நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்து, வெள்ளைப் புகை பொங்குவதைக் காட்டி, உங்களில் ஒருத்தி சொன்னாள்: "இதுல போட்டு உறைய வெச்சுட்டா அப்புறம் நிம்மதியா தூங்கலாம் மேடம்." இதே திசுவின் இன்னொரு பங்கு வேறு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். எனக்கு அன்று வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் நடந்தது இது. எங்கள் கூடம் செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கம் போகிற சாலையில் இருந்தது. உங்கள் கட்டடத்தோடு ஒப்பிட்டால் அது மாட்டுக் கொட்டகைதான். ஓடு போட்ட நீளமான கட்டடம், நடுவில் ஒரு தாழ்வாரம், இரண்டு பக்கமும் அறைகள். கிழக்குப் பக்கத்தில் கரும்பையும் உருளைக்கிழங்கையும் குடுவையில் வளர்க்கிற பெரிய குழு. மேற்குக் கோடியில் நாங்கள் மூன்று பேர்.

எங்கள் தலைவரை டாக்டர் என்றே சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. மாதுங்காவில் வெகுகாலமாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். குரலே உயராது. குரல் உயராதவர்களிடம்தான் எனக்கு எப்போதும் கூடுதல் பயம். இன்னொருவன் செல்லத்துரை. தாராவியிலிருந்து வருவான், திருநெல்வேலிக்காரன். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பான். குடுவை கழுவுவது, செடிக்கு வேண்டிய கடல்பாசிக் கூழைக் காய்ச்சுவது, நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவை ஓட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. எங்கள் ஆட்டோகிளேவ் பித்தளை உடம்புக்காரி, பிரஷர் குக்கருக்குப் பெரியக்கா. மூன்றாவது ஆள் நான், கோமதி. திலக் நகரில் குடித்தனம். குடுவைக்குள் செடியை வைப்பதும் எடுப்பதும் என் கை வேலை.

அப்போதெல்லாம் குடுவையின் வாயைப் பஞ்சால் அடைப்போம். காற்று போகும், கிருமி போகாது என்பது கணக்கு. அந்தக் கணக்கை நாங்கள் வேதவாக்காக நம்பினோம்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் சஹ்யாத்ரி மலைப் பக்கத்திலிருந்து ஒரு வன அதிகாரி டாக்டரைப் பார்க்க வந்தார். கைக்குட்டையில் எதையோ முடிந்து கொண்டுவந்திருந்தார். அவிழ்த்தால் ஒரு காய், விரல் நீளம்தான் இருக்கும். மரத்தில் ஒட்டி வளரும் ஓர் ஆர்க்கிட் செடியின் காய். அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டி முடிந்துவிட்டது, மழை வந்தால் தண்ணீர் ஏறிவிடும், அதற்காக மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள் என்றார். சாய்ந்த ஒரு மரத்தில்தான் இந்தச் செடியைப் பார்த்திருக்கிறார். செடி நசுங்கிப் போயிருந்தது, காய் மட்டும் பிழைத்திருந்தது. அந்த மலையை முழுக்க நடந்தவர் அவர். வேறெங்கும் அந்த இலையைப் பார்த்ததில்லை என்றார். பூ என்ன நிறம் என்று டாக்டர் கேட்டார். "பூத்து நான் பார்க்கவே இல்லையே" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். அதற்குள் சத்து கிடையாது, மண்ணில் போட்டால் முளைக்காது. குடுவைக்குள் சர்க்கரையும் சத்தும் கலந்த கூழில் தூவ வேண்டும். காயில் இருந்த விதை முழுவதையும் தூவினோம். பல மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் கூழின் மேல் பச்சைப் பச்சையாக ஜவ்வரிசி மாதிரி மணிகள் தெரிந்தன. செல்லத்துரை அவற்றைப் பிள்ளைகள் என்பான். "புள்ளைய எப்படிக் கெடக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் டீ குடிப்பான். அதற்குள் அணையில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அந்தச் செடி உலகத்தில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், செம்பூரில், மேற்குக் கோடி அறையில், சுவரோரத்து அலமாரித் தட்டுகளில் என்றுதான் பதில் சொல்லியிருக்க முடியும்.

வளர்ப்பறைக்கு டாக்டர் வைத்திருந்த சட்டங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். செருப்பை வெளியே விடு, முழங்கை வரை கழுவு, தலையைத் துணியால் கட்டு, பேசாதே. தும்மல் வந்தால் தாழ்வாரத்தின் அடுத்த கோடிக்கு ஓடித் தும்ம வேண்டும். நான் ஓடியிருக்கிறேன்.

இவ்வளவு சட்டம் போட்ட மனிதர் ஆயுத பூஜைக்குச் சட்டம் போடவில்லை. யார்தான் போடுவார்கள்? அன்றைக்குக் கத்தரிக்கோலுக்குப் பூ வைப்போம், தராசுக்கு வைப்போம், ஆட்டோகிளேவுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பொரியும் கடலையும் கிழக்குப் பக்கத்து மராட்டிக்காரர்களுக்கும் போகும். அந்த வருஷம் செல்லத்துரை தாதரில் போய்க் கூடை நிறையச் செண்டுப்பூ வாங்கி வந்திருந்தான். ஆட்டோகிளேவுக்கு மாலை போட்டபின் கூடையில் மிச்சம் இருந்தது.

"சார், அந்த ரூமுல புள்ளைய இருக்குல்லா. அதுகளுக்கு ஒரு பூ வைக்காண்டாமா?" என்று கேட்டான்.

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுகளும் ஆயுதம்தானே என்றார். கை கழுவி, தலையைக் கட்டி, பேசாமல், எல்லாச் சட்டத்தையும் மதித்து மூன்று பேரும் உள்ளே போய், தட்டுகளின் இரும்புச் சட்டத்தில் செண்டுப்பூ மாலையைக் கட்டினோம். பூஜை வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்பது வழக்கம். அதனால் கதவைச் சாத்திவிட்டு வந்தோம். ஏசி போட்ட குளிர்ந்த அறையில் அந்த மாலை நிம்மதியாக இருந்தது. விஜயதசமியன்று எடுத்தபோதுகூட வாடவில்லை, எவ்வளவு நல்ல பூ என்று நானே சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து முதல் குடுவையில் பூஞ்சணம் தெரிந்தது. கூழின் ஓரத்தில் கறுப்பாக ஒரு படலம். அது சகஜம், எடுத்து ஆட்டோகிளேவில் வேகவைத்துவிட்டோம். அடுத்த நாள் இன்னும் சில. அதற்கடுத்த நாள் வேறு தட்டிலும் வந்துவிட்டது. பூஞ்சணம் விழுந்த குடுவையில் அந்தப் பச்சை மணிகள் பிழைக்காது, பூஞ்சணம் அவற்றை மூடி அழுத்தி அழுக வைத்துவிடும்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, தன் எதிரிலேயே புதுக் குடுவைகளைத் திறந்து மூடச் சொன்னார். என் கையைத்தான் சந்தேகப்பட்டார். சந்தேகப்பட வேண்டியதுதான், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் இடுக்கியை ஒருமுறைக்கு மூன்று முறை விளக்குச் சுடரில் காட்டினேன். அந்தக் குடுவைகளை அவர் தன் அறைக்கே எடுத்துப் போய் மேஜைமேல் வைத்துக்கொண்டார். நாட்கள் போயின. அவற்றில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

"உன் கை சுத்தம்தான் கோமதி. அப்போ அங்க என்ன நடக்கறது?" என்றார்.

கை சுத்தம் என்றதும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தப்பு என் கையில் என்றால் கையைத் திருத்தலாம். நான் திறக்காத, மாதக்கணக்கில் யாரும் தொடாத குடுவையெல்லாம் ஏன் கறுக்கிறது? தினமும் காலையில் அந்தக் கதவின் பிடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பேன். திறந்தால் ஈரச் சாக்கு மணம் மூக்கில் ஏறும். விளக்கைப் போட்டால் நேற்று பச்சையாக இருந்தது இன்று கறுப்பாக இருக்கும். பேய்க்குப் பயந்தவள் இல்லை நான். அந்த அறையில் எங்களைத் தவிர வேறு யாரோ நடமாடுகிறார்கள் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில், சுத்தமாக இருந்த ஒரு குடுவையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கூழின் மேல் சின்னஞ்சிறு புள்ளிகள். சிதறிக் கிடக்கவில்லை. பஞ்சு அடைப்பிலிருந்து கண்ணாடி வழியாக இறங்கி, கூழின் மேல் வளைந்து வளைந்து, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி ஒரே வரிசையாகப் போயின. ஒவ்வொரு புள்ளியும் இப்போதுதான் முளைக்கிற பூஞ்சணம். வரிசை முடிகிற இடத்தில் தூசி மாதிரி ஒன்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது.

அந்த நேரத்தில்தான் செல்லத்துரை தாழ்வாரத்தில் வந்தான். கையில் புதுச் செண்டுப்பூ மாலை.

"அக்கா, பூசையில ஏதோ கொற வந்துட்டு. அதான் இப்படி ஆவுது. நான் வெரதம் இருந்து வாங்கியாந்திருக்கேன். ரெண்டு பக்கமும் கெட்டிப்புடுவோம்."

"செல்லத்துரை, அங்கேயே நில்."

"என்னக்கா?"

"ஒரு அடி எடுத்து வைக்காதே. மாலையோட அப்படியே திரும்பி முற்றத்துக்குப் போ."

அவன் முகம் சுருங்கிவிட்டது. பண்டிகைப் பூவோடு வந்தவனை வாசலில் நிறுத்தினால் யாருக்குத்தான் சுருங்காது? நான் பின்னாலேயே போனேன். என் கறுப்புக் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, அதற்குள் மாலையை உதறச் சொன்னேன். வெயிலில் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். துணியின் மேல் மாவு சிந்திய மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்த மாவு நடந்தது.

மைட் என்று உங்களுக்குத் தெரியும். பூச்செடியில் வாழும், பேனைவிடப் பொடிசான உயிர். பூஞ்சணத்தைத் தின்னும், பஞ்சுக்குள் நுழைந்து போகும், போகிற வழியெல்லாம் காலில் ஒட்டிய பூஞ்சண வித்துகளைப் பதித்துவிட்டுப் போகும். செல்லத்துரைக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேன் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவன் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நானே எம் புள்ளைக்குப் பேன் பிடிச்சு விட்டுட்டேனா அக்கா?"

"நாம மூணு பேரும்தான் கட்டினோம்" என்றேன். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

டாக்டரிடம் சொன்னபோது அவர் லென்ஸை வாங்கி ஒருமுறைதான் பார்த்தார். பிறகு எழுந்து தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியைப் பார்த்தபடி நின்றார். அங்கே பல வருஷ உழைப்பு, விவசாயிகளுக்குப் போக வேண்டிய கரும்பு. இந்தப் பேன் தாழ்வாரத்தைத் தாண்டினால் அதுவும் போகும்.

"இன்னிக்கே அறையைக் காலி பண்ணணும். எல்லாக் குடுவையும் ஆட்டோகிளேவுக்குப் போகணும். சுத்தமா தெரியறதும் சேர்த்து. பஞ்சுக்குள்ள ஒண்ணு உக்காந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"சார், அது ஒண்ணுதான் இருக்கு. வேற எங்கயும் கிடையாது."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். குரல் உயரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். டாக்டர் சொன்னது சரி. ஒரு அறைக்கு இரங்கி ஒரு கட்டடத்தை இழக்க முடியாது. நான் சொன்னதும் சரி. இரண்டு சரிகள் எதிரும் புதிருமாக நின்றால் கத்திப் பிரயோஜனம் இல்லை, எதற்குப் பயப்படுகிறோம் என்று பார்க்க வேண்டும். அவருக்குப் பயம் பேன்மேல் இல்லை. பேன் கிழக்குப் பக்கம் போவதில்தான் பயம். அப்படியென்றால் கெடுவதற்கு எதுவுமே இல்லாத இடத்துக்கு இவற்றைக் கொண்டுபோனால்?

"வீட்டுக்குக் கொண்டுபோறேன் சார்" என்றேன். "எங்க வீட்டுல பேன் வந்தா எதைக் கெடுக்கப் போறது? சமையலறை அலமாரிக்குக் கீழ எறும்பு ஏறாம கிண்ணத்துல தண்ணி வைக்கிறோமே, அந்த மாதிரி ஒவ்வொரு குடுவையையும் தனித்தனித் தட்டுல, தண்ணிக்கு நடுவுல நிறுத்தறேன். ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போக முடியாது. புள்ளி தெரிஞ்சா அந்த நிமிஷமே வேகவைக்கறேன்."

"வெச்சுடுவியா? கையால?"

"வெச்சுடுவேன்."

அவர் தாழ்வாரத்தின் கிழக்குக் கோடியை மறுபடி பார்த்தார். அப்புறம், "ஒரு வீட்டுல வேண்டாம். மூணு வீடு. ஒரே இடத்துல வெச்சதுதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கு" என்றார். வாசலில் நின்ற செல்லத்துரை ஓரடி பின்வாங்கினான். "எங்க வீடு வேண்டாம் சார், எங் கை ஆவாது" என்றான். டாக்டர் அவனைப் பார்த்து, "உங்காத்துல இப்போ பூ இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"சாமி படத்துல இருக்கு. அவ தலையில இருக்கும்."

"இது பெரிசாகற வரைக்கும் இருக்கப்படாது."

சுத்தமாகத் தெரிந்த குடுவைகளை மட்டும் ஒதுக்கி, வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, பஞ்சின் மேற்பரப்பைச் சுடரில் கருக்கினோம். மற்றவை ஆட்டோகிளேவுக்குப் போயின. அந்தப் பித்தளை மூடியைத் திருகும்போது செல்லத்துரை மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அறைக்குள் கிருமி கொல்லும் பார்மலின் புகை போட்டுக் கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தோம்.

தாராவிக்கு நானும் போனேன், தட்டுகளை எப்படி வைப்பது என்று காட்ட. ஒரே அறை, மேலே தகரம், மூலையில் ஈர மணல் பரப்பி அதன்மேல் தண்ணீர்ப் பானை. செல்லத்துரையின் மனைவி இசக்கியம்மா. கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தலை நிறைய மல்லிகை. இவன் சொல்ல வாயெடுத்துச் சொல்ல முடியாமல் நின்றான். பூவை எடுக்கச் சொல்லும் பாவத்தை நான்தான் கட்டிக்கொண்டேன்.

"எம் புருசன் உசிரோட முன்னால நிக்கையில நான் என்னத்துக்குப் பூவ எடுக்கணும்?" என்றாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா வந்து, தாலி கெட்டுன பொம்பளையப் பாத்துச் சொல்லுத பேச்சா இது? நீங்க எடுப்பியளா?"

என் தலையிலும் பூ இருந்தது. காலையில் வைத்தது, மறந்தே போயிருந்தேன். வளர்ப்பறையில் துணிக்குள் கட்டி மறைத்த பூ. கையைப் பின்னால் கொண்டுபோய் எடுத்தேன். அதை எடுக்கும்போது என் உடம்பு கூசியது. என் மாமியார் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். இசக்கியம்மா என் கையையே பார்த்தாள். பிறகு தன் பூவை எடுத்து ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, வெளியே கொண்டுபோய் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள். சாமி படத்தில் இருந்ததையும் எடுத்தாள்.

"இதெல்லாம் என்ன செடி?"

"பூச்செடி."

"பூச்செடியா! பூவ எடுத்துட்டுப் பூச்செடி வளக்கீயளோ?" என்றாள். சிரிப்பு வரவில்லை அவளுக்கு. "சரி. பூக்குதப்ப மொத பூவு எனக்கு. சொல்லிப்புட்டேன்."

கொடுத்தேன் வாக்கு. அந்த நிமிஷம் அவள் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஜன்னலோர பெஞ்சின்மேல் வரிசையாகச் சாப்பாட்டுத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர், நடுவில் குடுவை. என் கணவர் வங்கிக் குமாஸ்தா, நல்ல மனிதர், வாழையிலை வாங்கிவந்து அதில் சாப்பிட்டார். பக்கத்து வீட்டு மாமி, "ஏண்டி கோமு, பூ வெச்சுக்கறதில்லை? ஊர்ல ஏதாவது துக்கமா?" என்று கேட்டாள்.  அக்டோபர் வெயில் வேறு. பல் துலக்குவதற்கு முன் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

ஒருநாள் காலை டாக்டர் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்காத்துல முடிஞ்சுடுத்து. எல்லாத்துலயும் புள்ளி. இட்லிப் பானையில வேகவெச்சேன். அவ இனிமே அதுல இட்லி வார்க்க மாட்டாளாம்." சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அடுத்த வாரமே என் வீட்டில் வந்துவிட்டது. ஒன்றில், பிறகு இன்னொன்றில். கடைசியாக ஒரே ஒரு குடுவை மிஞ்சியது. ஒருநாள் அதிலும் பஞ்சுக்குக் கீழே, கண்ணாடியில், ஒரு புள்ளி. கூழை இன்னும் தொடவில்லை. பச்சை மணிகள் அத்தனை அழகாக இருந்தன.

"ஒரு நாள் விட்டுப் பாரேன் கோமு" என்றார் என் கணவர். "வெறும் தூசியாகூட இருக்கலாம்."

இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சாயங்காலம் செல்லத்துரை இங்கே வருவதாக இருந்தது, வந்தால் அவன் சட்டையில் ஏறிக்கொண்டு அது தாராவிக்குப் போகும். குக்கரில் வைத்து மூடினேன். விசில் வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உயிரோடு இருந்ததை வேகவைத்தேன் என்று அழுதேன்.

சாயங்காலம் செல்லத்துரை வரவில்லை. மறுநாள் வேலைக்கும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் கிடையாது, ஆள் அனுப்ப ஆள் கிடையாது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு: அங்கேயும் வந்துவிட்டது, வேகவைத்துவிட்டான், நம் முகத்தில் விழிக்க முடியாமல் இருக்கிறான். வேலையைப் போட்டுவிட்டு சயான் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தேன். அந்தச் சந்துகளில் நடந்தபோது, போய்ச் சேராமலேயே இருந்தால் தேவலை என்று தோன்றியது. போகாத வரை அந்தச் செடி உயிரோடு இருக்கும் இல்லையா?

இசக்கியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் பூ இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அவுகளுக்குக் காய்ச்சல். மூணு நாளா எந்திக்கல" என்றாள். உள்ளேயிருந்து அவன் முனகுவது கேட்டது. நான் படியில் கால் வைக்கப் போனேன்.

"அக்கா, ஒங்க வீட்டுல வந்துட்டா?"

"வந்துடுத்து. எல்லாம் போயிடுத்து."

"அப்ப அங்கனயே நில்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படித்தவள் நான், இந்தச் செடியை விதையிலிருந்து வளர்த்தவள் நான், என்னை இவள் நடுச் சந்தில் நிறுத்துகிறாள். ஒரு வினாடிதான். என் சேலையில், என் பையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இரண்டு அடி பின்னால் போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றேன். அவள் உள்ளே போய்ப் பானைக்குப் பக்கத்து மணலில் இருந்த தட்டிலிருந்து ஒரு குடுவையை எடுத்து, தூரத்திலிருந்தே வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். பச்சை. இன்னொன்றைக் காட்டினாள். அதுவும் பச்சை. முதல் நாள் கொண்டுவந்தவற்றில் சிலதை அவளே வேகவைத்திருந்தாள், மீதி இருந்தது. என் உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரும் பயந்துகொண்டேதான் வந்தது.

அவர்கள் வீட்டில் பிழைத்ததற்குத் திறமை காரணம் என்று நான் சொல்லமாட்டேன், எங்கள் வீட்டில் செத்ததற்குக் கவனக்குறைவு காரணம் என்றும் சொல்லமாட்டேன். எந்தக் குடுவையின் பஞ்சுக்குள் பேன் இருந்தது என்று பிரிக்கும்போது ஒருவருக்கும் தெரியாது. மூன்றாகப் பிரித்தோம், அதனால் ஒரு பங்கு தப்பியது. என் வீட்டிலேயே எல்லாம் இருந்திருந்தால் குக்கரோடு கதை முடிந்திருக்கும்.

அறை சுத்தமானபின் அவை திரும்பி வந்தன. இலை விட்டு, வேர் விட்டு, குடுவையை விட்டு வெளியே தொட்டிக்கு மாறின. டாக்டர் செய்த முதல் வேலை, பாதியைப் புனேக்கும் நீலகிரிக்கும் அனுப்பியது. வேர் இன்னும் பலப்படவில்லையே என்று நான் தடுத்தேன். "எனக்குத் தூக்கம் வரலைம்மா" என்றார். நானே தொட்டிகளைப் பெட்டியில் அடுக்கினேன். ஆயுத பூஜையை அதன்பின் வெளிக் கேட்டில்தான் வைத்தோம். ஆட்டோகிளேவுக்குக் குங்குமம் மட்டும்.

வருஷங்கள் கழித்து ஒரு மழைக்கால முடிவில் தோட்டத்து நிழலில் இருந்த செடி ஒன்று பூத்தது. வெள்ளை, நடுவில் மஞ்சள் கீற்று, அவ்வளவுதான். கடையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்த வன அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினோம், அவர் வந்து பார்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். கொத்தில் சில பூக்கள் இருந்தன. முதலில் விரிந்ததை டாக்டர் தன் கையால் கிள்ளி, செல்லத்துரையைக் கூப்பிட்டு, "வாக்குன்னா வாக்குதான், அவளை வரச் சொல்லு" என்றார்.

இசக்கியம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பூவைச் செருகிக்கொண்டாள். தோட்டத்திலிருந்து தாழ்வாரத்தில் ஏறி, மேற்குக் கோடிக்கு நேராக நடந்து வந்தாள். இது பிறந்த அறையை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கை தானாக எழுந்து கதவை மறித்தது.

"இசக்கி, அங்கேயே நில்."

"அக்கா, இது உங்க ரூமுல பொறந்த பூவுல்லா."

"ஆமாம். இப்போ தோட்டத்துல இருந்து வருது."

அவள் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "பழி வாங்குதியளாக்கா?" என்று கேட்டுவிட்டு, செருகிய பூ ஆட ஆடச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கதவிடுக்கைப் பார்த்து, தாழ்ப்பாளைப் போட்டு, அப்புறம்தான் சிரித்தேன்.